ஒன்றே முக்கால் டாலர்: கலிபோர்னியாவின் வாகன உதிரிபாகக் கட்டணங்களும் மறுபயன்பாடும்

கலிபோர்னியா மாநிலத்தில் புதிய டயர் வாங்குபவர் விலையோடு சேர்த்து டயர் ஒன்றுக்கு 1.75 டாலர் சுற்றுச்சூழல் கட்டணம் கட்ட வேண்டும். சிறிய காரின் டயரும் பதினெட்டுச் சக்கர லாரியின் டயரும் சட்டத்தின் கண்ணில் ஒன்றே. ரீட்ரெட் செய்த (தேய்ந்த மேற்பரப்புக்குப் புதிய ரப்பர் பட்டை போட்ட) டயருக்கும் ஏற்கெனவே ஓடிய டயருக்கும் விலக்கு உண்டு. அதாவது, ஒருமுறை ஓட்டித் தூக்கி எறியும் பொருளுக்குக் கட்டணம் விதித்து, மீண்டும் உழைக்கும் பொருளை விட்டுவிடுவது என்ற கொள்கை சட்டத்தில் எழுத்து வடிவிலேயே இருக்கிறது. ஆனாலும் இந்த விலக்கால் ரீட்ரெட் தொழில் தழைத்தது என்று சொல்ல வழியில்லை. ஏன் இப்படி ஆனது என்று அறிய இந்தக் கட்டணத்தின் பிறப்பைத் தேட வேண்டும். அதன் இரு உடன்பிறப்புகளான எஞ்சின் எண்ணெய்க் கட்டணத்தையும் பேட்டரிக் கட்டணத்தையும் அருகில் வைத்தும் பார்க்க வேண்டும். மூன்றும் ஒரே மாநிலத்தில், கழிந்த பொருளைப் பற்றிய கவலைகளிலிருந்து பிறந்தவை. மூன்றின் கதியும் வெவ்வேறாக முடிந்தது. கட்டணம் எவ்வளவு வசூலானது என்பதைவிட, புதியதற்கும் மறுபயன்பாட்டுக்கும் இடையில் அது எவ்வளவு விலை இடைவெளியை உண்டாக்கியது என்பதே மறுபயன்பாட்டைத் தீர்மானித்தது என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

தட்டுப்பாடு கற்றுத்தந்த தொழில்

டயரை மீண்டும் பயன்படுத்துவது சூழலியல் சிந்தனையிலிருந்து தொடங்கவில்லை. அமெரிக்காவில் இரண்டாம் உலகப் போரின்போது முதன்முதலாகப் பங்கீட்டுக்குள் வந்த பொருள் டயர். 1942 ஜனவரியிலேயே அந்தப் பங்கீடு தொடங்கிவிட்டது. ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கி முன்னேறிக்கொண்டிருந்த நேரம் அது. பிப்ரவரி 15-ல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. உலகின் இயற்கை ரப்பரில் பெரும்பங்கு தென்கிழக்காசியத் தோட்டங்களிலிருந்துதான் வந்தது. மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறிப் போன குடும்பங்கள். அவர்களுடைய உழைப்பு எட்டாமல் போன சில வாரங்களிலேயே, அமெரிக்கச் சாலைகளில் ஓடிய வாகனங்களின் எதிர்காலம் கேள்விக்குறியானது. டயர் வரலாற்றை எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். தமிழில் எழுதும்போது அப்படிக் கடந்துவிட முடியாது.

பட்டன் (தரையைத் தொடும் வரிப்பகுதி) தேய்ந்து மொட்டையான டயரின் மேற்பரப்பைச் சுரண்டி, புதிய ரப்பர் பட்டையை வைத்து, வெப்பத்தில் பதப்படுத்தி மீண்டும் ஓட்டும் முறை அந்த ஆண்டுகளில் நாடெங்கும் பரவியது. ரீட்ரெட் டயருக்கும் பங்கீடு வந்தது என்பதிலிருந்தே அதற்கு இருந்த தேவையை அறியலாம். போருக்குப் பிறகு செயற்கை ரப்பர் மலிந்தது, தேவை தளர்ந்தது. இருந்தும் தொழில்நுட்பம் நின்றுவிடவில்லை. 1957-ல் அயோவா மாநிலத்தின் மஸ்கடீன் நகரில் ராய் கார்வர் தொடங்கிய பேண்டாக் நிறுவனம், ஜெர்மனியில் உருவான ஒரு முறையை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. பட்டன் வடிவம் ஏற்கெனவே பதிந்து பதப்படுத்தப்பட்ட பட்டையைக் குறைந்த வெப்பத்தில் பழைய டயரின் கூட்டோடு ஒட்டும் முறை அது. வெப்பம் குறைவானதால் கூடு கெடுவதில்லை. ஒரே கூட்டுக்கு இரண்டு மூன்று முறைகூடப் பட்டை மாற்றலாம். விமான டயர்களுக்கு இன்றும் பலமுறை இப்படிச் செய்கிறார்கள்.

லாரி டயரில் ரப்பரின் விலையைவிடக் கூட்டின் விலையே பெரிது. எஃகுக் கம்பியும் பல அடுக்கு இழையும் சேர்ந்த அந்தக் கூடு, முதல் பட்டன் தேய்ந்து முடியும்போதும் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும். ஒரு புதிய லாரி டயர் செய்ய ஏறத்தாழ 22 கேலன் எண்ணெய் தேவை, ரீட்ரெட்டுக்கு 7 கேலன் போதும் என்பது அமெரிக்கத் தொழில்துறையும் அரசும் நெடுங்காலமாகச் சொல்லிவரும் கணக்கு. கார் டயரின் நிலை வேறு. அதன் கூடு மெல்லியது, புதியதின் விலையும் குறைவு. எனவே கார் டயர் ரீட்ரெட் அமெரிக்காவில் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. மறுபயன்பாடு உண்மையில் நடக்கக்கூடிய இடம் லாரி, பேருந்து டயர்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான், காருக்கும் லாரிக்கும் ஒரே கட்டணம் என்ற ஏற்பாட்டின் பிழை விளங்கும்.

நெருப்பிலிருந்து பிறந்த கட்டணம்

1970-களில் எஃகுக் கம்பி ரேடியல் டயர் பரவியதும் பழைய டயரை அரைத்து ரப்பரை மீட்டெடுத்த ஆலைகளுக்கு வேலை கடினமானது. கழிந்த டயர்கள் வெளியிடங்களில் மலையாகக் குவிந்தன. மழைநீர் தேங்கிய டயர்களில் கொசு பெருகியது. தீப்பிடித்தால் அணைப்பது மிகக் கடினம், ஏனென்றால் டயரின் குழிவில் எப்போதும் காற்று இருக்கும். தண்ணீர் ஊற்றினால் உருகிய எண்ணெய் நிலத்தில் ஓடும். 1983 அக்டோபரில் வர்ஜீனியாவின் வின்செஸ்டர் அருகே ஏறத்தாழ 70 லட்சம் டயர்கள் தீப்பிடித்து மாதக்கணக்கில் எரிந்தன. மறு ஆண்டே மின்னசோட்டா, கழிவு டயருக்கென்று தனிச்சட்டம் இயற்றிய முதல் அமெரிக்க மாநிலமானது.

கலிபோர்னியாவின் டயர் மறுசுழற்சிச் சட்டம் 1989-ல் வந்தது. அதன் முதல் வடிவம் இன்று பலருக்கு நினைவில் இல்லை. கடையில் விட்டுச்செல்லும் பழைய டயர் ஒன்றுக்கு 25 சென்ட் என்பதுதான் அதன் விதி. பழையதை ஒழுங்காக ஒப்படைப்பவரிடம் காசு கேட்பது, ஒப்படைக்காமல் சாலையோரம் வீசுபவருக்குச் சலுகை தருவதற்குச் சமம். இந்தக் கோணல் சில ஆண்டுகளில் உணரப்பட்டு, 1996-ல் நிறைவேறிய திருத்தத்தால் கட்டணம் புதிய டயரின் விற்பனைக்கு மாற்றப்பட்டது. அப்போதுதான் ரீட்ரெட் டயருக்கான விலக்குக்குப் பொருள் வந்தது. ஆனால் விலக்கின் மதிப்பும் 25 சென்ட்தான்.

அடுத்த உயர்வுக்கும் நெருப்பே காரணம். 1998 ஆகஸ்ட்டில் டிரேசி நகர் அருகே எரியத் தொடங்கிய டயர்க் குவியல் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் புகைந்தது. 1999 செப்டம்பரில் ஸ்டானிஸ்லாஸ் மாவட்டத்தின் வெஸ்ட்லியில் மின்னல் தாக்கிப் பல லட்சம் டயர்கள் எரிந்தன. அதை அணைக்கவே ஒரு மாதம் ஆனது. அதையடுத்து 2000-ல் வந்த சட்டம் கட்டணத்தை 1 டாலராக உயர்த்தியது. 2005 முதல் அது 1.75 டாலர். இந்தக் கடைசி 75 சென்ட் டயர்க் கழிவுக்காக உயர்த்தப்பட்டதல்ல; அது காற்று மாசுக் கட்டுப்பாட்டு நிதிக்குப் போகிறது.

டயருக்கென்று வந்த தொகையில் பெரும்பகுதி பழைய குவியல்களை அகற்றவும், சட்டவிரோதமாகக் கொட்டுவதைத் தடுக்கவும், அரைத்த ரப்பருக்குச் சந்தை தேடவும் செலவானது. ரப்பர் கலந்த தார்ச்சாலைக்கு மாநிலம் தெளிவான இலக்கு வைத்தது. 2005-ல் இயற்றப்பட்ட சட்டம், மாநிலப் போக்குவரத்துத் துறை பயன்படுத்தும் தாரில் ரப்பர் கலந்ததின் பங்கு 2013-க்குள் 35 விழுக்காடு ஆக வேண்டும் என்றது. இந்தப் பணியின் பயனை யாரும் மறுக்க முடியாது. மாநிலத்தில் இப்போது ஆண்டுக்கு நான்கு கோடிக்கும் மேற்பட்ட டயர்கள் கழிகின்றன. அவற்றுக்கு ஒரு வழி வேண்டும். ஆயினும் அரைத்து சாலையில் போட்ட டயரின் கூடு மீண்டும் சக்கரத்தில் ஏறப்போவதில்லை. பணம் டயரின் மரணத்துக்குப் பிறகான காரியங்களுக்குப் போனது. ஆயுளை நீட்டிக்கும் வேலைக்குக் கிடைத்ததெல்லாம் அந்தச் சிறு விலக்கு மட்டுமே.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் இதே காலத்தில் பட்ட அனுபவம் இன்னும் கசப்பானது. 1989-ல் அங்கே புதிய டயருக்கு 5 டாலர் வரி வந்தது. வரி நடைமுறையில் இருந்தபோதே, 1990 பிப்ரவரியில் ஹேகர்ஸ்வில் என்னும் ஊரில் ஏறத்தாழ 1.4 கோடி டயர்கள் கொண்ட குவியல் தீப்பிடித்து 17 நாள் எரிந்தது. வரிப்பணம் மாகாணத்தின் பொதுக் கருவூலத்தில் கலந்ததால், அது டயருக்குத்தான் செலவாகிறதா என்ற கேள்வி ஓயவே இல்லை. 1993-ல் வரியே நீக்கப்பட்டது. 2009-ல் வேறு வடிவில் திரும்பி வந்தபோது ஒன்டாரியோ ஒரு பாடம் கற்றிருந்தது: கார் டயருக்கு 5.84 டாலர், நடுத்தர லாரி டயருக்கு 14.65 டாலர் என்று அளவுக்கேற்பக் கட்டணம் பிரிந்தது. கலிபோர்னியா இந்தப் பாடத்தை இன்றுவரை எடுத்துக்கொள்ளவில்லை.

எண்ணெயில் தெரிந்த வெளிச்சம்

எஞ்சின் எண்ணெய் தேய்ந்து போவதில்லை. அதில் தண்ணீரும் எரிபொருளும் உலோகத் துகளும் கலந்து அழுக்காகிறது, அவ்வளவே. நீரை நீக்கி, வெற்றிடத்தில் வடித்து, ஹைட்ரஜனுடன் சேர்த்துச் சுத்திகரித்தால் அடிப்படை எண்ணெய் மீண்டும் புதியதைப் போலவே கிடைக்கும். சான்பிரான்சிஸ்கோ விரிகுடாவை ஒட்டிய நியூவார்க் நகரில் இப்படிச் செய்யும் ஆலை 1980-களிலேயே தொடங்கியது.

இங்கே வரலாறு ஒரு விந்தையான திருப்பத்தைக் கொண்டிருக்கிறது. 1960-களின் முற்பகுதியில் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட மறுசுத்திகரிப்பு ஆலைகள் இயங்கின. அப்போது புதிய மசகு எண்ணெய்க்குக் கேலனுக்கு 6 சென்ட் கலால் வரி இருந்தது. மறுசுத்திகரித்த எண்ணெய்க்கு அந்த வரி இல்லை. சூழலை நினைத்து யாரும் அப்படி வைக்கவில்லை. ஆனால் விளைவில் அது, கலிபோர்னியா பிறகு தேடிய அதே கருவிதான். 1965-ல் கலால் வரிகளைக் குறைத்த சட்டம் இந்த வேறுபாட்டின் பலனைப் பெருமளவு கரைத்தது. அதே பத்தாண்டில் ‘முன்பு பயன்படுத்திய எண்ணெயிலிருந்து செய்தது’ என்று கொள்கலன் மேல் எழுத வேண்டும் என்ற மத்திய வணிக ஆணைய விதியும் வந்து, வாங்குபவர் மனத்தில் ஐயத்தை விதைத்தது. இவற்றோடு தொழில்நுட்பச் சிக்கல்களும் சேர்ந்தன. 1980-களுக்குள் அந்த நூற்றுக்கும் மேற்பட்ட ஆலைகளில் விரல்விட்டு எண்ணக்கூடியவையே மிஞ்சின. ஒரு சிறிய விலை இடைவெளி ஒரு தொழிலைத் தாங்கி நிறுத்தியதற்கும், அது போனதும் தொழில் சரிந்ததற்கும் இதைவிடத் தெளிவான சான்று இந்தத் துறையில் எனக்குத் தென்படவில்லை.

கலிபோர்னியாவின் எண்ணெய் மறுசுழற்சி மேம்பாட்டுச் சட்டம் 1991-ல் நிறைவேறியது. வீட்டு முற்றத்தில் தாமே எண்ணெய் மாற்றிக்கொண்டு பழையதைச் சாக்கடையில் ஊற்றுபவர்களே அன்றைய பெரிய கவலை. உற்பத்தியாளரிடம் குவார்ட்டுக்கு 4 சென்ட், அதாவது கேலனுக்கு 16 சென்ட் வாங்கி, பழைய எண்ணெயைக் கொண்டுவந்து கொடுக்கும் இடங்களுக்கு ஊக்கத்தொகையாக வழங்கினார்கள். டயரில் போலவே இங்கேயும் முதல் கட்டத்தில் சேகரிப்பே நோக்கம். சேகரித்த எண்ணெயில் பெரும்பகுதி எரிபொருளாக எரிந்து போனது.

2009-ல் நிறைவேறிய திருத்தம் இதை மாற்ற முயன்றது. கட்டணம் முதலில் கேலனுக்கு 26 சென்ட்டாக உயர்ந்தது. 2014 முதல் சாதாரண எண்ணெய்க்கு 24 சென்ட் என்றும், குறைந்தது 70 விழுக்காடு மறுசுத்திகரித்த அடிப்படை எண்ணெய் கொண்டதற்கு 12 சென்ட் என்றும் இரண்டாகப் பிரிந்தது. பாதிக்குப் பாதி. 1965-ல் கைவிட்ட வேறுபாட்டை ஒரு மாநிலம் அரை நூற்றாண்டு கழித்து, இம்முறை தெரிந்தே மீட்டெடுத்தது. ஒரு கேலனுக்கு 12 சென்ட் என்பது கடையில் நிற்பவர் கண்ணுக்குப் படாது. ஆனால் லட்சக்கணக்கான கேலன் விற்கும் உற்பத்தியாளரின் கணக்கேட்டில் அது தெரியும். கட்டணத்தை உற்பத்தியாளரிடம் வாங்குவதால், முடிவெடுப்பவரின் கணக்கிலேயே வேறுபாடு நேராகப் போய் விழுகிறது. டயர்க் கட்டணமோ சில்லறை விற்பனைச் சீட்டின் அடியில் ஒரு வரியாக ஒளிந்திருக்கிறது.

பேட்டரி: வெற்றியும் வெர்னானும்

கார் பேட்டரியின் கதை வேறு. வாகன உதிரிபாகக் கடைகளில் ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், பிரேக் பாகம் வாங்குபவரிடம் பழையதைக் கொண்டுவரும்வரை ஒரு தொகையைப் பிடித்துவைப்பது நெடுநாள் வழக்கம். பழைய பாகத்தைப் பிரித்துப் புதுப்பித்து விற்கும் தொழிலுக்கு அதுவே மூலதனம். நம் ஊரிலும் பழைய பேட்டரியைக் கொடுத்தால் புதியதின் விலையில் குறைத்துக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்த நடைமுறை. 1980-களின் இறுதியிலிருந்து பல அமெரிக்க மாநிலங்கள் இந்த வழக்கத்தைப் பேட்டரிக்குச் சட்டமாக்கின. நியூயார்க்கில் 5 டாலர், ஆர்கன்சாவில் 10 டாலர் என்று வைப்புத்தொகை வந்தது. அமெரிக்காவில் கழியும் ஈய அமில பேட்டரிகளில் 99 விழுக்காடு திரும்பி வருகின்றன என்று அத்தொழில்துறை கணக்கிடுகிறது. அந்த ஈயம் மீண்டும் பேட்டரியாகிறது. வைப்புத்தொகை கையிலிருந்து போய் மீண்டும் கைக்கே வருகிறது. அதனால்தான் 1.75 டாலர் கட்டணத்தால் ஆகாததை 5 டாலர் வைப்பு செய்தது.

இந்த வெற்றிக்கு லாஸ் ஏஞ்சலஸ் அருகே வெர்னானைச் சுற்றி வாழ்ந்தவர்கள் கொடுத்த விலையைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். அங்கே பழைய பேட்டரிகளை உருக்கிய எக்ஸைட் டெக்னாலஜிஸ் ஆலை பல ஆண்டுகளாக ஈயத்தையும் ஆர்செனிக்கையும் சுற்றுப்புறத்தில் பரப்பியது. (இந்தியாவில் அதே பெயரில் பேட்டரி விற்கும் நிறுவனம் வேறு.) 2015-ல் ஆலை மூடப்பட்டது. சுற்றியிருந்த 1.7 மைல் ஆரத்துக்குள் ஏறத்தாழ 10,000 மனைகள் ஆய்வுப் பரப்புக்குள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை லத்தீன அமெரிக்கத் தொழிலாளர் குடும்பங்களின் வீடுகள், குழந்தைகள் விளையாடும் முற்றங்கள். துப்புரவுக்காக 2016-ல் மாநிலம் 176.6 மில்லியன் டாலர் ஒதுக்கியது. 2020-ல் நிறுவனம் திவாலாகி அந்த இடத்தைக் கைவிட்டது.

2016-ல் இயற்றப்பட்ட ஈய அமில பேட்டரிச் சட்டம் இந்த வேதனையிலிருந்துதான் வந்தது. 2017 ஏப்ரல் 1 முதல் பேட்டரி ஒன்றுக்கு வாங்குபவர் 1 டாலரும் உற்பத்தியாளர் 1 டாலரும் கட்டவேண்டும். 2022 ஏப்ரல் முதல் இரண்டும் 2 டாலர். பழைய பேட்டரியைக் கொண்டுவராதவர் தனியே வைப்புத்தொகை கட்டி, 45 நாளுக்குள் கொண்டுவந்தால் திரும்பப் பெறலாம். மறுபயன்பாட்டை ஊக்குவிக்கும் வைப்பும், மறுபயன்பாட்டின் காயத்தை ஆற்றும் கட்டணமும் இந்தச் சட்டத்தில் தனித்தனியே நிற்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பாததே இந்தச் சட்டத்தின் சிறப்பு என்று கருதுகிறேன். டயர்ச் சட்டம் குழப்பியது.

எல்லைகளுக்கு அப்பால்

2000-க்குப் பிறகு ரீட்ரெட் டயரின் உண்மையான போட்டியாளர் ஆசியாவிலிருந்து வந்த மலிவான புதிய டயர். முன்னணி நிறுவனத்தின் புதிய டயரைவிட ரீட்ரெட் 30 முதல் 50 விழுக்காடு வரை மலிவு என்ற பழைய கணக்கை அந்த டயர்கள் குலைத்தன. அவற்றில் பலவற்றின் கூடு ஒருமுறைக்கு மேல் பட்டை தாங்காது என்பதால், ரீட்ரெட் தொழிலுக்குச் சந்தையோடு மூலப்பொருளும் சுருங்கியது. 2018 அக்டோபரில் ஐரோப்பிய ஆணையம் சீன லாரி, பேருந்து டயர்களுக்கு டயர் ஒன்றுக்கு 42.73 முதல் 61.76 யூரோ வரை பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது. ஐரோப்பிய ரீட்ரெட் தொழிலின் பாதிப்பும் அந்த முடிவில் கணக்கில் எடுக்கப்பட்டது. அந்த வரியின் பின்னால் வணிக நோக்கமே இருந்தது. இருந்தும் 1.75 டாலரையும் 60 யூரோவையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மறுபயன்பாட்டின் பக்கம் தராசைச் சாய்க்க எவ்வளவு எடை வேண்டியிருந்தது என்பது புரியும்.

ரீட்ரெட் என்றாலே நன்மை என்று கொள்வதற்கும் ஒரு வரம்பு உண்டு. பிரேசில் இறக்குமதியான ரீட்ரெட் டயர்களைத் தடைசெய்து, மீறினால் டயருக்கு 400 பிரேசிலிய ரெயால் அபராதம் விதித்தது. ஏற்கெனவே ஒருமுறை ரீட்ரெட் ஆன கார் டயருக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வாழ்வு, அதை இறக்குமதி செய்வது பிற நாட்டின் குப்பையையும் டெங்குக் கொசுவையும் வரவழைப்பதே என்பது பிரேசிலின் வாதம். ஐரோப்பிய சமூகம் தொடுத்த வழக்கில் 2007 டிசம்பரில் உலக வணிக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வு, மக்கள் நலனுக்கு அத்தகைய தடை தேவையாக இருக்கலாம் என்ற வாதத்தை ஏற்றது. தடையைப் பாரபட்சமாக நடைமுறைப்படுத்திய விதத்தைத்தான் ஏற்கவில்லை. கூட்டை அது ஓடிய ஊரிலேயே ரீட்ரெட் செய்யும்போதுதான் கணக்கு நேராகிறது.

இந்தியா 2022 ஜூலையில் கழிவு டயருக்கு உற்பத்தியாளர் பொறுப்பு விதிகளைக் கொண்டுவந்தது. டயர் செய்பவரும் இறக்குமதி செய்பவரும் மறுசுழற்சியாளரிடமிருந்து சான்றிதழ் வாங்கிக் கடமையைத் தீர்க்க வேண்டும். ரீட்ரெட் செய்பவரிடமிருந்து சான்றிதழ் வாங்கினால், அந்த அளவுக்கான கடமை ஓராண்டு தள்ளிப்போகும். நாமக்கல் லாரி உரிமையாளர் எந்த விதியும் சொல்லாமலே, காசுக்கணக்குப் பார்த்து ரீட்ரெட் செய்துவருகிறார். அவருடைய பழக்கத்துக்கு விதிப்புத்தகம் இடம் கொடுத்தது நல்ல தொடக்கம். கலிபோர்னியாவின் விலக்கைப் போலன்றி, இது மறுபயன்பாட்டுக்குத் தனிச் சான்றிதழையே உருவாக்குகிறது. ஆனால் நன்றாக ரீட்ரெட் செய்த லாரி டயர் ஓராண்டுக்கு மேலும் ஓடக்கூடியது, இரண்டாம் முறையும் பட்டை தாங்கக்கூடியது. தள்ளிவைப்பு அந்த ஆயுளுக்கேற்ப நீண்டால்தான் உற்பத்தியாளர் வலுவான கூடு செய்வதில் ஆர்வம் காட்டுவார்.

கலிபோர்னியாவின் டயர்க் கட்டணம் காலாவதியாக இருந்த ஒவ்வொரு முறையும் சட்டமன்றம் அதை நீட்டித்தது. 2013-ல் ஒருமுறை, 2023-ல் மீண்டும். இரண்டு முறையும் விவாதத்தின் மையத்தில் இருந்தது காற்று மாசு நிதியும் மாற்று எரிபொருள் திட்டங்களும்தான். லாரி டயருக்குத் தனி விகிதம் வேண்டும் என்றோ, எண்ணெயில் செய்ததைப் போலப் புதியதற்கும் ரீட்ரெட்டுக்கும் கண்ணுக்குத் தெரியும் இடைவெளி வேண்டும் என்றோ சட்டம் மாறவில்லை. எண்ணெய்க் கட்டணத்தை இரண்டாகப் பிரித்த அதே சட்டமன்றம், 2005-ல் வைத்த 1.75 டாலரை அப்படியே வைத்திருக்கிறது.